நாற்பத்தொரு வீதக் கணவன்

அத்தியாயம் பதினொன்று

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அருட்பிரகாசத்துக்கு வீட்டில் எதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது. தேநீரில் சீனி கூடினாலும் எரிச்சல், குறைந்தாலும் எரிச்சல். மனைவி மெற்றில்டா வெங்காயம் வெட்டிக்கொண்டே கோயில் பாட்டை முணுமுணுத்தால் வருவது மட்டும் எரிச்சல் அல்ல, பொறாமை. அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நாம்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். லண்டன் மனோர் பார்க் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் எல்லோரும் ரோல்ஸும் தேநீருமாக நின்றபோது, மகள் பெனிற்றா தேர்தலுக்காக இணையத்தில் வந்திருந்த ஒரு பக்கத்தை ஒவ்வொருவர் கைபேசியிலும் திறந்துகொடுத்தாள். அதில் முப்பது கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் முழுச் சம்மதம், சம்மதம், நடுவில், சம்மதமில்லை என்பவற்றில் ஒன்றைத் தட்டவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிற ஒன்றுக்கு நட்சத்திரம் போடலாம். கடைசியில், எந்தக் கட்சியோடு நீங்கள் நூற்றுக்கு எத்தனை வீதம் ஒத்துப்போகிறீர்கள் என்று அது சொல்லிவிடும்.

அருட்பிரகாசத்துக்கு முதலாவதாக வந்தது, அவர் துண்டுப்பிரசுரத்தைக் கண்டவுடனே குப்பைத்தொட்டியில் போடுகிற கட்சி. “உது பழுதாப்போன சாமான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவருடைய பதில்களை இன்னொருவருடைய பதில்களோடு பொருத்திப் பார்க்கவும் வழி இருந்தது. மெற்றில்டா பாடுகிற கோயில் பாடகர் குழுவினர் ஆளுக்காள் பொருத்திப் பார்த்துச் சிரித்தார்கள். மெற்றில்டாவுக்கும் லெஸ்லிக்கும் தொண்ணூற்றுநான்கு வீதம். மெற்றில்டாவுக்கும் அவளுடைய சொந்தப் புருசனுக்கும் நாற்பத்தொன்று.

“மாஸ்டர், நாப்பதுக்குக் கீழ எண்டால் பெயில். அருந்தப்பில தப்பிட்டியள்!” என்று ஒரு குரல் வந்தது. மண்டபமே சிரித்தது. பங்குத்தந்தையும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அருட்பிரகாசத்துக்குப் பொறுக்கவில்லை.

லெஸ்லி மன்னார்க்காரர். மனைவியை இழந்தவர், நூலகத்தில் வேலை, குழுவில் கனத்த குரலில் பாடுகிறவர். அவரிடம் கார் இல்லை. பாட்டுப் பயிற்சி முடிந்தால் அவரும் மெற்றில்டாவும் எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில் செவன் கிங்ஸுக்கு ஒன்றாகத்தான் திரும்புவார்கள். மேல்தட்டில், முன் இருக்கையில்.

அருட்பிரகாசமோ கார் ஓட்டப் பழக்குகிற மாஸ்டர். கிழக்கு லண்டன் தமிழர்களில் பாதிப்பேர் அவருடைய கையால் லைசென்ஸ் எடுத்தவர்கள். பெண்சாதிக்கு மட்டும் பழக்க முடியவில்லை. கலியாணமான புதிதில், மூன்றாவது பாடத்தில் அவர் போட்ட சத்தத்தில், அவள் காரைத் தெருவோரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, திறப்பைக் கழற்றி அவர் மடியில் வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு பஸ்தான்.

இதற்கு நடுவே வீட்டு விஷயம் வேறு. மகன் ஜெஸ்ரின் லண்டனுக்கு வெளியே, மில்டன் கீன்ஸில் குடும்பமாக இருக்கிறான். செவன் கிங்ஸ் வீட்டை விற்றுவிட்டு அவன் பக்கத்தில் போய் இருப்பது என்று அருட்பிரகாசம் முடிவெடுத்துவிட்டார். சனிக்கிழமை வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நடுவதற்கும் ஏற்பாடாகிவிட்டது.

மெற்றில்டாவிடம் சொன்னாரா என்றால், சொன்னார். ஒருநாள் சாப்பிட்ட கையோடு, “பெடியன்ர பக்கத்தில போயிருப்பம்” என்றார். அவள் கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் போய் டிவியைப் போட்டார். பலகை வரப்போகிற நாளை இன்னும் சொல்லவில்லை.

இன்றைக்குத் தேர்தல் நாள்.

“பின்னேரம் வோட்டுப் போட்டிட்டு நான் அப்பிடியே பிராக்டிசுக்குப் போறன்” என்றாள் மெற்றில்டா, மத்தியானச் சாப்பாட்டைப் பையில் வைத்தபடி. இல்ஃபோர்டில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை.

“இண்டைக்கும் பிராக்டிசோ?”

“ஞாயிறு பிள்ளையள் முதல்நன்மை எடுக்கிற பூசையெல்லே. புதுப்பாட்டு.”

“ஆரார் வருவினம்?”

“வாறவை வருவினம்.”

“லெஸ்லி?”

மெற்றில்டா நிமிர்ந்து பார்த்தாள். “அவர் இண்டைக்கு வரமாட்டார். அவருக்கு வாக்குச்சாவடியில டியூட்டி.”

அருட்பிரகாசத்தின் நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அவள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு இன்னொன்று தோன்றியது. அந்த மனிசனுடைய டியூட்டி இவளுக்கு எப்படித் தெரியும்?

அன்றைய முதல் பாடம் துஷ்யாவுக்கு. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, கவனமாகத்தான் ஓட்டுவாள். இல்ஃபோர்ட் ஹை ரோட்டில் எதிரே ஓர் எண்பத்தாறு வந்தது. அருட்பிரகாசத்தின் கண் தன்னையறியாமல் அதன் மேல்தட்டுக்குப் போனது. முன் இருக்கையில் ஓர் ஆணும் பெண்ணும். கால் தானாகத் தன் பக்கத்து பிரேக்கில் இறங்கியது. கார் நடுத்தெருவில் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹோர்னை அமுக்கிப் பிடித்தான்.

“சேர், நான் என்ன பிழை விட்டனான்?” என்றாள் துஷ்யா, அழாக்குறையாக.

“நீர் ஒண்டும் விடேல்லைப் பிள்ளை. எடும், எடும்.”

பஸ்ஸில் இருந்தது யாரோ வெள்ளைக்காரத் தம்பதி.

அடுத்த பாடத்துக்கு வரவேண்டியவன் காய்ச்சல் என்று செய்தி அனுப்பியிருந்தான். ஒரு பக்கத்தெருவில் காரை நிறுத்திவிட்டு அருட்பிரகாசம் கைபேசியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்த யோசனையை இப்போது செய்துபார்ப்பது என்று தீர்மானித்தார்.

அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தார். இந்தத் தடவை அவராக நின்று பதில் சொல்லப்போவதில்லை. மெற்றில்டாவாக நின்று சொல்வார். இருபத்தொன்பது வருடம் ஒரு கட்டிலில் படுத்தெழும்பின மனிசிக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று தெரியாதா? தொண்ணூற்றுநான்கை அடித்து விழுத்தி, தொண்ணூற்றெட்டில் நின்று காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எல்லோருக்கும் அதைக் காட்டுவார். லெஸ்லிக்கு முதலாவதாகக் காட்டுவார்.

பதினாறு வயதில் வாக்குரிமை? மெற்றில்டா சின்னப்பிள்ளைகளோடு மாரடிக்கிறவள், வேண்டாம் என்பாள். சம்மதமில்லை. பள்ளிக்கூடத்தில் கைபேசிக்குத் தடை? அவளுக்கு அதெல்லாம் அக்கறையில்லை. நடுவில். நகருக்குள் கார் ஓட்டுகிறவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கலாமா? நல்ல கேள்வி! கார்தானே இந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. சம்மதமில்லை, சம்மதமில்லை என்று விரல் நோகத் தட்டினார். நட்சத்திரம்? ஆஸ்பத்திரிக்குப் போடுவாள். பெண்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போடுவார்கள்.

கடைசிக் கூற்றையும் முடித்து, மெற்றில்டாவின் பெயரோடு பொருத்தச் சொல்லிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

இருபத்தொன்பது வீதம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருபத்தொன்பதுதான். அருட்பிரகாசமாக இருந்தபோதாவது நாற்பத்தொன்று. மெற்றில்டாவாக மாறியதும் அதுவும் போய்விட்டது.

உடனே பெனிற்றாவுக்கு எடுத்தார். அவள் வேலையிடத்தில் இருந்தாள்.

“பிள்ளை, உந்தச் சாமான் உண்மையிலேயே பழுது.”

“என்னப்பா செய்தனீங்கள்?”

சொன்னார். மறுபக்கத்தில் பெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

“சொறி அப்பா. சொறி. நீங்கள் அம்மாவா நிண்டு செய்தும் அம்மாவோட ஒத்துப்போகேல்லையோ?”

“அதுதான் சொல்லுறன், பழுதெண்டு.”

பெனிற்றாவின் சிரிப்பு நின்றது. “அப்பா, அதில கீழ ‘விபரம்’ எண்டு ஒரு பட்டன் இருக்கு. அம்மா தன்ர பதிலெல்லாத்தையும் எங்கள் எல்லாருக்கும் திறந்துதான் விட்டிருக்கிறா. பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை என்ர கார்ல வரேக்க அம்மா கேட்டவா, ‘அப்பா பாத்தவரோ’ எண்டு. நான் பதில் சொல்லேல்ல.”

அவள் வைத்துவிட்டாள். அருட்பிரகாசம் அந்தப் பட்டனைத் தட்டினார்.

பதினாறு வயதில் வாக்குரிமை: மெற்றில்டா, சம்மதம். கைபேசிக்குத் தடை: முழுச் சம்மதம். நகருக்குள் கார்க்காரர்களுக்குக் கூடுதல் கட்டணம்: முழுச் சம்மதம்! ஒரு டிரைவிங் மாஸ்டரின் பெண்சாதி!

நட்சத்திரம் ஆஸ்பத்திரியில் இல்லை. ‘வரியைக் கூட்டினாலும் பரவாயில்லை, உள்ளூர் பஸ் சேவைகளைக் குறைக்கக்கூடாது’ என்ற கூற்றுக்குப் பக்கத்தில் மஞ்சளாக நின்றது. பக்கத்து நிரலில் லெஸ்லியின் பதில்கள். அங்கேயும் அதே கூற்றுக்கு அதே நட்சத்திரம்.

வேறொரு மனிதனாக இருந்தால், அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். பஸ்ஸை இவ்வளவு பெரிதாக நினைக்கிற பெண்ணை, பஸ் எங்கே வரும் எங்கே வராது என்று தெரியாத ஓர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருப்பான். ஆனால் பொறாமை பிடித்தவனுக்கு இரண்டு நட்சத்திரங்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது. மேல்தட்டில், முன் இருக்கையில்.

மில்டன் கீன்ஸில் லெஸ்லி இல்லை. எண்பத்தாறும் இல்லை. அருட்பிரகாசம் வீட்டுத் தரகன் சுஜீத்துக்கு எடுத்தார். சுஜீத் அவருடைய பழைய மாணவன், நாலாம் தரம் சோதனை எடுத்துப் பாஸ் பண்ணினவன்.

“தம்பி, சனிக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கவேணும்? பலகையை இண்டைக்கே நட்டுவிடும்.”

“இண்டைக்கோ மாஸ்டர்? என்ன அவசரம்?”

“அவசரந்தான்.”

“சரி. இஞ்ச செய்யவேண்டிய அலுவலைச் செய்துபோட்டுப் பின்னேரம் எடுக்கிறன்.”

போனை வைத்தபோது அவருக்கு வயிறு நிறைந்தது போல் இருந்தது. அந்த நிறைவு சாயந்தரம் வரைக்கும் தாங்கவில்லை.

வாக்குச்சாவடி, ஹை ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் ஒரு பள்ளிக்கூடம். வேலை முடிந்து வந்த மெற்றில்டாவை ஏற்றிக்கொண்டு போகும்போது அவர் வழக்கமானதைச் சொன்னார். எந்தத் தேர்தலானாலும் அவர்கள் வீட்டு வழக்கம் இதுதான்: காரை விட்டு இறங்க முதல், எந்த இடத்தில் புள்ளடி போடுவது என்று அவர் சொல்லிவிடுவார்.

“மேலயிருந்து ரெண்டாவது. விளங்கிச்சுதோ?”

மெற்றில்டா சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவள் முகம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. அதை அவர் கவனித்தார். காரணத்தைத் தானே கண்டுபிடித்தும்விட்டார்: லெஸ்லி இல்லாத பயிற்சி.

உள்ளே போனார்கள். மேசையில், பெயர்ப்பட்டியலுக்கு முன்னால், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு லெஸ்லி இருந்தார். டியூட்டி இந்தச் சாவடியில் என்று மெற்றில்டா சொல்லவில்லையே!

“வாங்கோ மாஸ்டர். உங்கட படம் போட்ட அடையாள அட்டை ஒண்டு வேணும்.”

“என்ர முகம் உமக்குத் தெரியாதோ?”

“தெரியும். எண்டாலும் இண்டைக்குக் கேட்கவேணும்.”

பாதிக் கிழக்கு லண்டனுக்கு லைசென்ஸ் எடுத்துக்கொடுத்தவர் தன்னுடைய லைசென்ஸை எடுத்து நீட்டினார். லெஸ்லி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஒவ்வொரு பார்வையும் அருட்பிரகாசத்தின் முகத்தில் அறைந்தது. அடுத்து மெற்றில்டா அட்டையை நீட்டினாள். அவளிடமும் அதே கேள்வி, அதே பார்வை. வாக்குச்சீட்டைக் கொடுக்கும்போது இருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு பற்றியிருக்காது.

மறைப்புக்குள் போய் அவர் கண்மூடித் திறப்பதற்குள் புள்ளடி போட்டுவிட்டார். பக்கத்து மறைப்பில் மெற்றில்டா நின்றாள். கீழே அவளுடைய கறுப்புச் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு புள்ளடி போட எவ்வளவு நேரம் வேண்டும்? அந்த மறைப்புக்குள் அவளோடு தொண்ணூற்றுநான்கு வீதமும் நிற்கிறது என்று அவர் நினைத்தார்.

வெளியே, பள்ளிக்கூட வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஆருக்குப் போட்டனீர்?”

“உங்களுக்கேன்?”

“நான் சொன்ன இடத்திலயோ?”

“நீங்கள் சொன்னது காதில விழுந்தது.”

“எனக்குச் சொல்லமாட்டீர். லெஸ்லிக்குச் சொல்லுவீர், என்ன?”

கடைசியில் வாயால் வந்தேவிட்டது. வோட்டுப்போட வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மெற்றில்டா கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

“அவர் உதெல்லாம் கேட்கமாட்டார்.”

“பின்ன என்ன கேட்பார்?”

“ஒருநாள் பஸ்சில கேட்டவர், ‘அக்கா, உந்தப் பஸ்சை நிப்பாட்டினாங்கள் எண்டால் நீங்கள் என்ன செய்வியள்?’ எண்டு.”

அக்கா! அருட்பிரகாசத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் கொஞ்சந்தான். அக்கா என்று கூப்பிட்டாலும் தொண்ணூற்றுநான்கு தொண்ணூற்றுநான்குதானே.

“நீர் என்ன சொன்னனீர்?”

“வீட்டுக்குள்ள இருந்து செத்துப்போவன் எண்டு சொன்னன்.” அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. “எனக்குக் கோயிலுக்குப் போக, வேலைக்குப் போக, என்ர பாட்டில ஒரு கடைக்குப் போக அதுதான் இருக்கு. நேரமாச்சு, நான் வாறன்.”

“நான் கொண்டுபோய் விடுறன், ஏறும்.”

“வேண்டாம்.”

ஹை ரோட்டைக் கடந்து அவள் பஸ் தரிப்புக்குப் போனாள். அவர் போய்க் காரில் ஏறி, தெருமுனையைத் திருப்பி, தரிப்புக்கு எதிரே நிறுத்தினார். எண்பத்தாறு வந்து நின்றது. மேல்தட்டின் முன்கண்ணாடிக்குப் பின்னால், சற்று நேரத்தில், மெற்றில்டா வந்து உட்கார்ந்தாள். பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

கைபேசி அடித்தது. சுஜீத்.

“மாஸ்டர், பலகையை வேனில ஏத்திப்போட்டன். ஆனா ஒரு சின்னப் பிரச்சினை.”

“என்ன பிரச்சினை?”

“வீடு ரெண்டு பேற்ற பேரிலயுமெல்லே இருக்கு. அதால நீங்கள் வைச்ச கையோட நான் அன்ரிக்கு எடுத்தனான், அவாவும் ஓமெண்டு சொல்லவேணுமே எண்டு. பலகை வாற விசயம் அவாக்குத் தெரியாது போல.”

அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் காரில் பக்கத்தில் இருந்து வந்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் மறைப்புக்குள் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள்.

“கோவிச்சவாவோ?”

“இல்லை மாஸ்டர். சத்தமே போடேல்ல. ஒரு கேள்விதான் கேட்டவா. பாதி வீட்டுக்குப் பலகை நட ஏலுமோ எண்டு.”

“பாதி வீட்டுக்கோ?”

“ஓம். ‘அவர் தன்ர பாதியை வித்துப்போட்டு மில்டன் கீன்ஸுக்குப் போகட்டும், நான் என்ர பாதியில இருக்கிறன்’ எண்டவா. நான் பகிடியாக்கும் எண்டு சிரிச்சன். அவா சிரிக்கேல்ல.”

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளை லெஸ்லி கொண்டுபோய்விடுவான் என்றே அருட்பிரகாசம் பயந்துகொண்டிருந்தார். அவளை யாரும் கொண்டுபோகவில்லை. அவள் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறாள். விட்டுவிட்டுப் போகப் பெட்டி கட்டுகிறவர் அவர்தான்.

நிமிர்ந்து பார்த்தார். எண்பத்தாறு இன்னும் புறப்படவில்லை. முன்னால் போன பஸ்ஸோடு இடைவெளி சரிவரும்வரைக்கும் சில வேளைகளில் இப்படி நிறுத்திவைப்பார்கள். மேலே மெற்றில்டா அவரைக் கண்டுவிட்டாள். கூரையில் அவருடைய பெயர் எழுதிய பலகையோடு நிற்கிற காரை யாருக்குத்தான் தெரியாது? அவள் கை காட்டவில்லை. முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

லெஸ்லிக்குச் சாவடி மூடும்வரை டியூட்டி. பின் யாருக்கு அந்த இடம்? மேலே யாராவது ஏறி வருகிறார்களா? அருட்பிரகாசம் எட்டிப் பார்த்தார். படியில் ஒருவரும் தெரியவில்லை.

அவர் காரின் கதவைத் திறந்து ஒரு காலைத் தெருவில் வைத்தார். அப்போதுதான் பார்த்தார், நிறுத்தக்கூடாது என்று பார்க்கிற பிள்ளைக்கெல்லாம் படிப்பிக்கிற இரட்டை மஞ்சள் கோட்டின் மேல் கார் நின்றுகொண்டிருந்தது.

“மாஸ்டர், லைனில நிக்கிறியளோ?” சுஜீத்தின் குரல் கைக்குள்ளிருந்து கேட்டது. “பலகையைக் கொண்டரட்டோ, விடட்டோ? ஒண்டைச் சொல்லுங்கோ.”

தெருவுக்கு அந்தப் பக்கம், எண்பத்தாறின் கதவு இன்னும் திறந்தே இருந்தது.